லாரிக்குப் பயப்படாத குதிரை

குதிரை வியாபாரத்தில் நான் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். அதனால் அது பொய்யில் சேருமா சேராதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரி ஏறி நிற்கும், திரையில் எண் விழும், சீட்டு கிழித்துக் கொடுப்பேன். நாள் முழுக்க ஹாரன், பிரேக் பிடித்தால் காற்று சீறும் சத்தம், அதற்கு மேல் டிரைவர்களின் வாய். அவர்கள் திட்டுவதற்கு முன்பே நான் திட்டி முடித்துவிடுவேன் என்பதால் யார்டில் எனக்குத் தனி மரியாதை உண்டு. என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். காலடிப்பேட்டையில் குடியிருக்கிறோம். இந்த லட்சணத்தில் குதிரை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கேட்டேன்.

ஒருமுறை வீட்டுக்காரர், பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட குதிரை ஒன்றை ஒரு பண்ணை வீட்டில் இறக்கிவிடப் போனார். அதை வாங்கியவர் இவருக்கு டீ கொடுத்து உட்கார வைத்து, குதிரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, ஆளையே மாற்றி அனுப்பிவிட்டார். வேகமாக ஓடுகிற குதிரையை இப்போது யாரும் கேட்பதில்லையாம். காட்டுப் பாதையில், மலை ஏற்றத்தில், புதிதாக ஏறுகிற ஆளையும் கீழே தள்ளாமல் நிதானமாகக் கூட்டிக்கொண்டு போகிற குதிரைக்குத்தான் கிராக்கியாம். சும்மா கிடக்கிற குதிரையை வாங்கி, பழக்கி, அப்படிக் கேட்கிறவர்களுக்கு விற்கலாம் என்றார். மலையும் கிடையாது, காடும் கிடையாது, எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு மலைப்பாதைக்குக் குதிரை பழக்கப் போகிறேன் என்று சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

முதலில் வாங்கியது பந்தயக் குதிரைதான். ரயில்வே கேட் திறந்தால் போதும், பந்தயம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துப் பாயும். வீட்டுக்காரர் கேட்டுக்கு இந்தப் பக்கமே கிடப்பார். இரண்டாவது குதிரை கடிக்கும். இரண்டையும், குறையைச் சொல்லியே, அதற்கேற்ற ஆள் பார்த்து விற்றோம். மூன்றாவதாக வந்ததுதான் இந்தப் பெட்டைக் குதிரை.

எம்.கே.பி. நகரில் கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டும் குதிரையும் வாடகைக்கு விடுகிற ஒருவரிடமிருந்து வந்தது. அவர் விற்றதற்குக் காரணம் ஒரு சுழி. குதிரை வாங்குகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள், அப்புறம்தான் பல்லைப் பார்ப்பார்கள். இதற்கு இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழிகிற இடத்தில், முடி சுழித்துக்கொண்டு இருந்தது. ஒரு கல்யாணத்தில் பெண்ணுடைய அத்தை அதைப் பார்த்துவிட்டு, அழுகிற குதிரையில் மாப்பிள்ளையை ஏற்றி வந்தால் எங்கள் பெண் அழாமல் என்ன செய்வாள் என்று மண்டப வாசலில் உட்கார்ந்துவிட்டாளாம். பேச்சு பரவிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை.

எனக்குச் சுழியில் நம்பிக்கை கிடையாது. நான் பார்த்தது குளம்பை. முன்னங்கால் குளம்பு இரண்டும் மேலிருந்து கீழ்வரை வெடித்துப் போயிருந்தது. வருஷக் கணக்காகத் தார் ரோட்டில் மேளத்துக்கு ஆட வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், குதிரையை இறக்கிவிட வந்த ஆளைப் பார்த்து, "நீ ஆடுய்யா, செருப்பில்லாம மத்தியான வெய்யில்ல ரோட்டுல ஆடு, நான் மேளம் அடிக்கிறேன்" என்றேன். அவர் கையெழுத்துகூட வாங்காமல் போய்விட்டார்.

யார்டுக்குப் பின்னால் ஒரு பழைய உப்பு கோடவுன், அதன் மூலையில் கட்டி வைத்தோம். சிமெண்ட் தரை. அதன் மேல் எங்கேயோ கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பரை விரித்தேன். தினமும் வேலைக்குப் போகும் முன் குளம்பைக் கழுவி வேப்பெண்ணெய் தடவுவேன். குளம்பு நம் நகம் மாதிரிதான், மேலிருந்து வளர்ந்து வர வேண்டும். எட்டு மாதம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் யார்டில் ஆள் இல்லாதபோது குதிரையை எடைமேடையில் ஏற்றி நிறுத்துவேன். லாரிக்கான மேடை, பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். ஒரு பத்து ஏறினால் எனக்குப் பண்டிகை.

நான் பேசுவது அதற்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். திட்டினால் காதை என் பக்கம் திருப்பும். வீட்டுக்காரர் அப்படித் திருப்பி எனக்குப் பழக்கமில்லை, அதனால் நான் நிறையத் திட்டினேன்.

லாடம் அடிப்பவர் கடைசியாக வந்தபோது காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஷோக்கா சேர்ந்துகினு வருதும்மா. ஆனா தாரும் சிமிட்டியும் இனிமே இதுக்கு ஆவாது. இன்னொரு தபா வெடிச்சா அவ்ளோதான். மண்ணு வோணும்."

மண்ணுக்கு நான் எங்கே போவேன்? திருவொற்றியூரில் கடற்கரை என்று போனாலே பாறாங்கல்லைத்தான் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் கோடவுன்காரர், மாசக் கடைசிக்குள் இடத்தைக் காலி பண்ணுங்கள், கன்டெய்னர் அடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். இது எப்படியோ அந்த ஊர்வலக்காரருக்குத் தெரிந்து போனில் வந்தார். "சுழி மேல கொஞ்சம் மை தடவிக்கினா எவனுக்குத் தெரியப் போவுது? மாசக் கடைசில வண்டி எடுத்துகினு வந்துடறேன் சிஸ்டர்" என்றார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் அவரிடம்தான் போக வேண்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் குதிரை மண்ணில் நிற்க வேண்டும்.

அப்போதுதான் ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். ஊத்துக்கோட்டை தாண்டி, ஆந்திர எல்லையில் ஒரு மலையடிவாரத்தில் குதிரை முகாம் நடத்துகிறாள். முப்பது வயசு இருக்கலாம். பட்டணத்திலிருந்து வருகிறவர்களைக் காட்டுப் பாதையில் குதிரையில் கூட்டிப் போவதுதான் அவள் வேலை. ரொம்ப உயரம் வேண்டாம், அழகு வேண்டாம், சுழி பார்க்க மாட்டேன் என்றாள். "மிரளக் கூடாது. அது ஒண்ணுதான் முக்கியம்ங்க. எங்க பாதையில திடீர்னு எது வேணா வரும்."

"மேடம்," என்றேன், "எங்க குதிர எதுக்கும் பயப்படாது."

நான் சொன்னேனே, அந்தப் பொய் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பார்க்க வந்தாள். வீட்டுக்காரர் பரீட்சைக்கு ஏற்பாடு பண்ணியிருந்தார். குதிரை மேல் அவளை ஏற்றி நெடுஞ்சாலை ஓரமாக நடத்திக்கொண்டு போனோம். துறைமுகத்துக்கு வரிசையில் நின்ற டிரெய்லர் டிரைவர்கள் எல்லாம் அவருடைய தோஸ்துகள். நாங்கள் பக்கத்தில் வர வர ஒவ்வொருவராக ஹாரன் அடித்தார்கள், பிரேக் காற்றை விட்டார்கள், ஒருவர் டெயில்போர்டை ஓங்கி அறைந்தார். அந்தப் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். குதிரை கொட்டாவி விட்டது. அடுத்து ரயில்வே கேட்டில் சரக்கு ரயில். நாற்பது பெட்டியும் தடதடவென்று போய் முடிகிறவரை குதிரை அடுத்த ஆளின் சைக்கிள் கூடையில் இருந்த கீரையை மோந்துகொண்டிருந்தது.

மூன்றாவது பரீட்சை நாங்கள் ஏற்பாடு பண்ணியதல்ல. சந்து முனையில் ஒரு சாவு ஊர்வலம் திரும்பியது. மேளம், சரவெடி, பூ. வெடி காலடியில் வெடித்தது. குதிரை அசையவில்லை என்று நான் பெருமையாகத் திரும்புவதற்குள் அது அசைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஊர்வலம் போன குதிரை, மேளம் முன்னால் போனால் பின்னால் போக வேண்டும் என்பதுதான் அதற்குத் தெரிந்த வேலை. நேராகப் பாடை வண்டிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டு தாளத்துக்கு நடக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அதுவோ அவரையும் இழுத்துக்கொண்டு போனது. மேலே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து வழியில் இருந்தவர்கள் கும்பிட்டார்கள். இறந்தவரின் சொந்தக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ யாரும்மா? பெரியவருக்கு இன்னா ஒறவு?" என்று கேட்டார்.

"தூரத்து உறவுங்க" என்றாள் அவள்.

அவர் அவளுக்கு ஒரு மாலையைக் கொடுத்துப் போடச் சொன்னார். அவளும் குதிரை மேல் இருந்தபடியே குனிந்து போட்டாள். இரண்டு தெரு தாண்டித்தான் நாங்கள் கழன்றுகொள்ள முடிந்தது. இறங்கியதும் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், தலையில் பூவோடு நின்றுகொண்டு, "இந்த மாதிரி ஒரு குதிரைய நான் பார்த்ததே இல்லக்கா" என்றாள். பதினைந்து நாள் வைத்துப் பார்க்கிறேன், சரிப்பட்டால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறேன் என்று பேச்சு முடிந்தது. அடுத்த நாளே குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று வீட்டில் சொன்னேன், அன்றைக்கு வெங்காயம் போடாத சமையல்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"அக்கா, இறக்கி விட்ட சிமெண்ட் தளத்த விட்டு நகரவே மாட்டேங்குது. நாலு பேர் தள்ளிப் பார்த்தோம். ஒரு பட்டாம்பூச்சி பறந்துச்சு, அவ்வளவுதான், எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு, தளத்துலயே நின்ன ஜீப்புக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுகிச்சு."

"பட்டாம்பூச்சியா?"

"ஆமாக்கா."

வீட்டுக்காரர் பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். யார்டில் லீவு சொல்லிவிட்டு மாதவரத்தில் பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்கு அந்த ஊர்வலக்காரரின் குரல்தான் காதில். திரும்பி வந்தால் வைக்க இடமில்லை. மை தடவிக்கொண்டு தாரில் ஆடப் போகிறது. எட்டு மாதம் வேப்பெண்ணெய் தடவியது அதற்காகவா?

அந்த இடம் எனக்கே பிடிக்கவில்லை. பச்சை, பச்சை, எங்கே பார்த்தாலும் பச்சை. சத்தமே இல்லை. யாரோ செத்துப்போன வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும். திடீரென்று ஒரு மயில் கத்தியது. நான் பையைக் கீழே போட்டுவிட்டேன். சிமெண்ட் தளத்தில் நின்ற குதிரையும் அதே நேரத்தில் துள்ளியது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அங்கே வேறு தெரிந்தவர்கள் இல்லை.

விஷயம் என்ன என்று அரை மணியில் புரிந்துவிட்டது. அந்தக் குதிரை பிறந்ததிலிருந்து புல்தரையை மிதித்ததே கிடையாது. புல்லைக் கட்டாகப் பார்த்திருக்கிறது, தின்றிருக்கிறது. தரையே புல்லாக இருப்பதை இப்போதுதான் பார்க்கிறது. ஒரு காலைத் தளத்திலிருந்து இறக்கும், புல் காலில் படும், சாக்கடையில் கால் வைத்துவிட்ட மாதிரி உதறிக்கொண்டு ஏறும். தவளைக்குப் பயம். மரத்தின் நிழல் அசைந்தால் பயம். டிரெய்லருக்கு முன்னால் கொட்டாவி விட்டால் உலகத்தில் வேறு எதற்கும் பயப்படாது என்று நாங்கள் நினைத்துவிட்டோம். எங்கள் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி நினைக்க மாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்த பயமெல்லாம் லாரிதான். எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கவர் காற்றில் உருண்டு வந்தது. முகாம் குதிரைகள் எல்லாம் மிரண்டு விலகின. இது மட்டும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி கழுத்தை நீட்டி மோந்தது.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "ஸ்பீக்கர்ல போடுமே" என்றார். போட்டேன். வேலூர் பக்கத்தில் எங்கேயோ நின்றுகொண்டு ஹாரனை விடாமல் அடித்தார். குதிரையின் காது நிமிர்ந்தது. ஒரு அடி, இரண்டு அடி, போனை நோக்கிப் புல்லில் நடந்தது. முகாமில் எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டியதும் குனிந்து காலைப் பார்த்தது, நிற்பது புல் என்று தெரிந்தது, திரும்பித் தளத்துக்கே ஓடிவிட்டது. ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் அவரைத் திட்டுவதும் சேர்ந்து கேட்டது.

மறுநாள் சாக்கு விரித்துப் பார்த்தோம். கால் வைக்க ஒரு சாக்கு, அடுத்த காலுக்கு இன்னொரு சாக்கு, பின்னால் உள்ளதை எடுத்து முன்னால் போட இரண்டு ஆட்கள். ஒரு மணி நேரத்தில் மாமரம் வரை போனது. "மலை உச்சிக்குப் போக எத்தன வருஷம் ஆகும்க்கா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும், "வேணாம்க்கா. அதுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். வண்டி சொல்லிடறேன்" என்றாள். நல்ல மாதிரியாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் கோபம் எல்லாம் குதிரை மேல் திரும்பியது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புல்லில் இறங்கினேன். அதற்கு நேராக நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"இன்னா, ரொம்ப பிகு பண்ணிகினு கீறே? புல்லுமே இது, புல்லு! ஒன் சாதி சனம் மொத்தமும் இத்தத்தான் துன்னுது. டிரெய்லருக்கு மூஞ்சியக் காட்டிகினு நின்ன, இப்ப தவளைக்குத் தொட நடுங்குறியே, வெக்கமா இல்ல? அந்தாளு மாசக் கடைசில வண்டியோட நிக்கப்போறான். போறியா? போயி ரோட்டுல ஆடுறியா? மறுபடி கால் வெடிச்சா எவ வேப்பெண்ண தடவுவா? நான் வரமாட்டேன், சொல்லிட்டேன்!"

காது என் பக்கம் திரும்பியது. நான் நிறுத்தவில்லை. திட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். அந்த ஊர்வலக்காரரைத் திட்டினேன், மண்டப வாசலில் உட்கார்ந்த அத்தையைத் திட்டினேன், கோடவுன்காரரை, வீட்டுக்காரரை, யார்டில் டீ கொண்டு வருகிறவரை. பத்தடி பின்னால் போன பிறகுதான் கவனித்தேன், குதிரை என் எதிரில் இருந்தது. நாலு காலும் புல்லில். நடுங்கிக்கொண்டுதான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. அந்தப் பெண் வாயில் கை வைத்து, நிறுத்தாதே நிறுத்தாதே என்று சைகை காட்டினாள்.

அன்றைக்கு முழுக்க, மறுநாள் முழுக்க, காட்டுப் பாதையில் நான் முன்னால் திட்டிக்கொண்டு போக, பின்னால் குதிரை வந்தது. ஓடையில் இறங்கியது, பாறை ஏறியது. எனக்குத் தெரிந்த வசவெல்லாம் தீர்ந்து, சினிமாவில் கேட்டதைச் சொல்லி, அதுவும் தீர்ந்து, கடைசியில் எடைச் சீட்டில் எழுதுகிற லாரி நம்பர்களைக் கோபமாகச் சொல்லிக்கொண்டு போனேன். அதற்கு வார்த்தை முக்கியமில்லை, சத்தம்தான். மூன்றாம் நாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குதிரை கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. அப்புறம் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி, தானாகவே ஏற்றத்தில் ஏறிப் போனது. ஒரு புதரிலிருந்து கௌதாரி சடசடவென்று எழும்பியபோது காதை மட்டும் அசைத்தது.

"எடுத்துக்கறேன்க்கா" என்றாள் அவள் திரும்பி வந்து. ஏதோ பதில் சொல்லப் பார்த்தேன். சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை.

மறுநாள் காலையில் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பையோடு வேலி ஓரமாக நின்றேன். குதிரை மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று முன்னங்கால் இரண்டையும் மடக்கியது, பொத்தென்று விழுந்தது, முதுகைத் தரையில் போட்டு நாலு காலையும் வானத்தில் உதைத்துக்கொண்டு புரண்டது.

குடல் முறுக்கிக்கொண்டால் குதிரை இப்படித்தான் விழுந்து புரளும், பிழைக்காது என்று வீட்டுக்காரர் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பையை எறிந்துவிட்டு ஓடினேன். இல்லாத குரலில், "வவுத்து வலி! வவுத்து வலி! டாக்டரக் கூப்புடுங்கோ!" என்று கத்தினேன். அந்தப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அக்கா, வலி இல்ல. நல்லாப் பாருங்க. சந்தோஷத்துல புரளுது."

"சந்தோசத்துக்கு எவ இப்பிடி உருளுவா?"

"குதிரை உருளும்க்கா. உங்ககிட்ட இருந்தப்ப உருண்டதில்லையா?"

நின்று பார்த்தேன். முதுகை இப்படியும் அப்படியும் தேய்த்தது. மூக்கால் ஒரு சத்தம் விட்டது. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து, கழுத்தைப் புல்லில் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டது. வயிறு ஏறி இறங்கியது. தூங்கிவிட்டது.

எட்டு மாதம். வேலைக்குப் போகும் முன், வந்த பின், ஞாயிறு முழு நாள். ஒரு தடவைகூட அது படுத்து நான் பார்த்ததில்லை. குதிரை என்றால் நின்றுகொண்டே தூங்குகிற பிராணி என்று நினைத்திருந்தேன்.

"நின்னுகிட்டும் கண்ணசரும்க்கா," என்றாள் அவள். "ஆனா பயம் இல்லாத எடத்துலதான் படுக்கும்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எதற்கும் பயப்படாத குதிரை என்று ஊரெல்லாம் நான் பெருமை அடித்த அத்தனை நாளும் அது பயந்துகொண்டுதான் நின்றிருக்கிறது. லாரிச் சத்தத்தில், சிமெண்டில், என் வேப்பெண்ணெய்க்கும் வாய்க்கும் நடுவில், படுக்கத் தைரியம் இல்லாமல் நின்றிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில், அது படுத்திருந்த அழகைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது.

ரோட்டில் பஸ் வருகிற சத்தம் கேட்டது. "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ தடவிக் குடுத்துட்டுப் போங்கக்கா. எழுப்பட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"வோணாம் மேடம்," என்றேன். "படுத்துகினு கீது. வுடுங்க."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் வேலி ஓரமாக நடந்து போய் பஸ் ஏறினேன்.